கடல் நீராடுவோர்க்கு ஏற்ற துவாய்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. பல்லேபொலவிலிருந்து கடல் காணப் புறப்படுவோர் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியே 100 கிலோமீற்றருக்கு மேல் சென்றே திருகோணமலையை அடைதல் வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை அக்கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். பயணத்துக்கு உகந்த காலமும் அதுவே.

சோற்றுப் பொதியையும் தண்ணீர்ப் போத்தலையும் மறவாத நாம், துவாயை மாத்திரம் ஒன்றோ இரண்டோ எடுத்துச்சென்று குடும்பம் முழுவதும் அதனாலேயே துடைத்துக்கொள்கிறோம். இவ்வழக்கம் நீங்குதல் வேண்டும். படர்தாமரை போன்ற தோல் நோய்கள் ஒருவர் துடைத்த துவாயின் வழியே மற்றவரைத் தொற்றக்கூடியவை. ஆதலின் ஆளுக்கொரு துவாய் என்பது ஆடம்பரமன்று, அவசியமாகும்.

ஐவருக்கு ஐந்து துவாய் வாங்கக் கட்டுபடியாகுமோ எனத் தாய்மார் வினவலாம். தடித்த துவாயே சிறந்தது என்னும் எண்ணந்தான் செலவை மிகுவிக்கின்றது. அவ்வெண்ணம் பொருந்தாமையைத் துவாயின் நெசவே காட்டும்.

நூல் வளையங்கள் நிறைந்த துவாய் துருக்கி நாட்டினின்று பரவியது. ஹென்றி கிறிஸ்தி என்னும் ஆங்கிலேயர் அங்குக் கண்ட நெசவைப் பின்பற்றி இயந்திரத்தில் நெய்யப்பட்ட துவாய்கள், 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டன. இத்துவாய்க்குப் பாவு இரண்டு. ஒன்று இறுகி நின்று துணிக்கு வலுவளிக்கும். மற்றது தளர்ந்து வளையங்களாகும். வளையம் மிகுந்தால் உறிஞ்சும் நீர் மிகும். உலரும் நேரமும் உடன் மிகும். வீட்டுக் குளியலறைக்கு அது நன்று. நெடுந்தூரம் பஸ்ஸில் திரும்புவோர்க்கோ அது வெறும் ஈரச் சுமையன்றோ?

எனவே சதுர மீற்றருக்கு 350 முதல் 450 கிராம் வரை நிறையுள்ள பருத்தித் துவாய் போதுமானது. நீளம் 150, அகலம் 75 சென்ரிமீற்றர் இருப்பின் விரித்து அமரவும் உதவும். ஓரங்கள் மடித்து நன்கு தைக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்து வாங்குக. வளையமில்லாத கைத்தறித் துவாயும் இப்பணிக்குத் தாழ்ந்ததன்று. விரைவில் உலர்வது அதன் சிறப்பு.

இனிப் பராமரிப்பைக் கூறுவோம். புதுத் துவாயை ஓரிரு முறை தோய்த்த பின்னரே பயன்படுத்தல் வேண்டும். மிகுதிச் சாயம் நீங்கும், உறிஞ்சுந்தன்மையும் கூடும். ஈர மணலைத் தேய்த்து அகற்ற முயலற்க. உலர்ந்தபின் உதறினால் அது தானே உதிரும். கடலுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்பினது. உப்பேறிய துவாய் எவ்வளவு காய்ந்தாலும் பிசுபிசுப்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே சவர்க்காரமிடுமுன் நன்னீரில் இருமுறை அலசுதல் வேண்டும்.

துணியை மென்மையாக்கும் திரவங்கள் நூலின்மீது மெழுகுபோற் படிந்து நீரை ஏற்கவிடா. அவற்றைத் தவிர்த்தல் நன்று. வளையமொன்று நீண்டு தொங்கினால் இழுக்காது கத்தரிக்கோலால் நறுக்குக, துணி பிரியாது. கொடியிலிடுமுன் பலமாக உதறினால் வளையங்கள் நிமிரும். முற்றும் உலருமுன் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலத்தில் இதில் இருமடங்கு கவனம் வேண்டும்.

மாணவர்க்கும் ஒரு சொல். சுற்றுலாவில் நண்பனுக்கு உணவைப் பகிர்ந்தளியுங்கள், துவாயைப் பகிராதீர்கள். துவாயின் மூலையில் பெயரின் முதலெழுத்தை வண்ண நூலால் தைத்துக்கொண்டால், எவருடையது எதுவென்ற மயக்கமும் எழாது. வீடு திரும்பியதும் அதனை அலசிக் கொடியிலிட வேண்டியவர் யாரென்பதும் தெளிவாகிவிடும்!