செருப்பு கேட்காத கால்



இந்த இதழுக்கு வந்த படங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு படத்தில் பாதம் மட்டும் இருந்தது. மாநிறம், ஐந்து விரல், விரலிடுக்கு எல்லாம் உண்டு. அலுவலகத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, “யார் கால் சார் இது?” என்றார். ரப்பர் என்று சொன்னேன். நம்பவில்லை.

அது ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால். நம்மில் பலருக்கு இந்தப் பெயரை அறிமுகம் செய்தவர் நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன். 1981-இல் பேருந்து விபத்துக்குப் பின் வலது காலை இழந்தவர், இந்தக் காலில் மறுபடி சலங்கை கட்டினார். ‘மயூரி’ படத்தில் தன் கதையில் தானே நடித்தார். ஆனால் அந்தக் காலைச் செய்த ராமச்சந்திர சர்மாவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சர்மா அதிகம் படிக்காதவர். சிற்ப வேலை தெரிந்த கைவினைஞர். ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்துவந்தார். அங்கே எலும்பு மருத்துவராக இருந்தவர் பி.கே. சேத்தி. அன்றைக்குக் கிடைத்த செயற்கைக் கால்கள் மேல்நாட்டு மாதிரி. ஷூ போட்டால்தான் நடக்கலாம். ஷூவோடு சேற்று வயலில் எப்படி இறங்குவது? கோயிலுக்குள் எப்படிப் போவது? சம்மணமிட்டுச் சாப்பிட உட்காரவும் முடியாது. வாங்கிப்போனவர்கள் அதை மூலையில் சாத்திவிட்டுப் பழையபடி கக்கத்துக் கட்டைக்கே திரும்பினார்கள். சைக்கிள் பஞ்சரான ஒருநாள், டயருக்கு ரப்பர் ஒட்டுவதைப் பார்த்தபோதுதான் சர்மாவுக்குப் பொறி தட்டியதாகச் சொல்வார்கள். சேத்தியும் சேர்ந்து உழைக்க, 1968 வாக்கில் கால் தயார். உள்ளே மரமும் மெத்தென்ற ரப்பரும், மேலே அச்சில் வேகவைத்த ரப்பர்த் தோல். நனையலாம், குத்துக்காலிட்டு உட்காரலாம், மரம்கூட ஏறலாம்.

மகசேசே விருது சேத்திக்கு வந்தது. சர்மாவுக்குக் கிடைத்த வெளிச்சம் குறைவுதான். ஒன்றை மட்டும் இருவர் கணக்கிலும் வரவு வைக்க வேண்டும்: அந்தக் காலுக்குக் காப்புரிமை வாங்கவில்லை. யாரும் செய்துகொள்ளலாம்.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? முதல் ஏழு ஆண்டுகளில் அது போய்ச் சேர்ந்தது 60 பேருக்குக்கூட இல்லை. 1975-இல் டி.ஆர். மேத்தா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி தொடங்கிய ‘பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி’தான் நிலைமையை மாற்றியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விபத்தில் மேத்தாவே காலை இழக்க இருந்து தப்பியவர். ‘என்னிடம் பணம் இருந்தது, பிழைத்தேன், இல்லாதவன் என்ன செய்வான்’ என்ற கேள்வி அவரை விடவில்லை.

சமிதியில் நடுராத்திரியில் போய் நின்றாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். சாப்பாடு, தங்க இடம், கால் எதற்கும் காசு கிடையாது. துண்டானபின் மிஞ்சிய காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுக்கிறார்கள். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் அதே வகை பிளாஸ்டிக் குழாயை அடுப்பில் சூடாக்கி, துணிபோலத் துவளும்போது அச்சின்மேல் இழுத்துவிடுகிறார்கள். ஆறியதும் அறுத்து, தேய்த்து, அடியில் பாதத்தைப் பொருத்தினால் கால். பெரும்பாலோர் ஓரிரு நாளில் நடந்தே ஊர் திரும்புகிறார்கள். இப்படி உதவி பெற்றவர்கள், ஊன்றுகோல், சக்கர நாற்காலி எல்லாம் சேர்த்து, 20 லட்சத்தைத் தாண்டிவிட்டதாக அமைப்பின் கணக்கு.

போர் நடந்த நாடுகளுக்கும் இந்தக் கால் போயிருக்கிறது. ஆப்கானிஸ்தானுக்குப் போனது. 2010-இல், இலங்கையில் போர் ஓய்ந்த மறு ஆண்டு, இந்திய அரசின் செலவில் வவுனியாவுக்கும் போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால் பொருத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் 1987 முதலே, குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்திலும், ஜெய்ப்பூர் பெயரிலேயே ஒரு நிறுவனம் கால் செய்து கொடுத்துவருகிறது. அங்கே கண்ணிவெடியை ‘மிதிவெடி’ என்பார்கள். அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை.

போர் 2009-இல் முடிந்தது என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். ரப்பர் கால் சில ஆண்டுகளில் தேயும், மாற்ற வேண்டும். பத்து வயதில் மிதிவெடியில் கால் போன பிள்ளைக்கு, வளர வளரப் புதுக் கால் வேண்டும். அப்புறம் ஆயுள் முழுக்க வேண்டும். முகாம் போட்டு, படம் எடுத்து, பேனரைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்களைவிட, பழுதுபார்க்கத் திறந்திருக்கும் பட்டறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நன்கொடையாளர் சிரிக்கும் படங்களும் இந்த முறை வந்திருந்தன. போடவில்லை, மன்னிக்கவும்.

நம் ஊரில் இன்று பலருடைய காலைச் சர்க்கரை நோய் கொண்டுபோகிறது. அப்படி வீட்டோடு முடங்கியவர் உங்கள் தெருவிலும் இருக்கலாம். கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் எங்கே என்று விசாரியுங்கள்; செயற்கைக் கால் இலவசமாகத் தரும் திட்டம் அங்கே உண்டு. வழி மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஆட்டோ பிடித்துக் கூடவே போய்விட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்