நாற்காலி கிடைக்காதவர்கள்

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் எங்கள் வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் பழைய புகைப்படம் ஒன்றைக் காட்டி, "இதோ நம்ம திம்மய்யா" என்று பூரித்தார். 1945 செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூர் நகராட்சி மண்டபத்தில் ஜப்பானியர் சரணடைந்த சடங்கு அது. ஜெனரல் இடாகாகி கையெழுத்திட, மவுண்ட்பேட்டன் ஏற்றுக்கொண்டார். மூன்றரை ஆண்டு 'சியோனன்' என்று பெயர் சுமந்த ஊர் கைமாறியது. இந்தியாவின் சார்பில் இருந்தவர், நம் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் படித்த பிரிகேடியர் திம்மய்யா. பெருமை எனக்கும் உண்டு.

ஆனால் என் பாட்டிக்கு அந்தச் சடங்கு எதையும் முடித்து வைக்கவில்லை. அவர் அண்ணன் மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டு போகப்பட்டவர். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது, அவர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுக்குத் தனித்தனிக் கல்லறைகள் இருக்கின்றன. அங்கே மடிந்த பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளருக்கு? வென்றவர்கள் சிப்பாய்களைக் கணக்கெடுத்தார்கள், கூலிகளை அல்ல. அதில் குறைந்தது பாதிப் பழி நமக்கும் சேரும். நாமும் எழுதி வைக்கவில்லையே!

சங்க அன்பர்களே, மலாயா, பர்மா போய்த் திரும்பாத உறவினரின் பெயர், ஊர், தோட்டம் ஆகியவற்றை நம் மலருக்கு எழுதி அனுப்புங்கள். முதலில் நான் எழுத உட்கார்ந்தேன். பாட்டி கடைசி வரை "சின்னண்ணன்" என்றுதான் சொன்னார். பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.