சோலையாக்கினார்களாம்!

உறவில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது மாமா ஒருவர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். விண்ணிலிருந்து எடுத்த படம். பழுப்பு மணலில் வரிசை வரிசையாகப் பச்சை வட்டங்கள். கீழே தடித்த எழுத்தில்: “பாலைவனத்தையே சோலையாக்கிவிட்டான் சவுதிக்காரன்! நாம் எப்போது விழிக்கப்போகிறோம்?” சுற்றியிருந்தவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். “மனசு வெச்சா முடியாததுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?” என்று மாமா ஒரு முத்தையும் உதிர்த்தார்.

இதே படத்தை வேளாண் கண்காட்சி மேடையில் பார்த்திருக்கிறேன். தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் திரையில் பார்த்திருக்கிறேன். கல்லூரி ஆண்டு விழாவிலும்கூட. எல்லாரும் முதல் பாதிக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இரண்டாம் பாதிக்கு ஆளே கிடையாது.

சவுதியின் வடமேற்கில், ஜோர்டானை ஒட்டிக் கிடக்கிறது வாதி சிர்ஹான் பள்ளத்தாக்கு. பச்சை வட்டங்களுக்குப் பேர்போன இடம். மழை மிகச் சொற்பம். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு போர். சில இடங்களில் ஒரு கிலோமீட்டர் ஆழம்வரை இறக்கியிருக்கிறார்கள். அதை மையமாக வைத்து, சக்கரம் மாட்டிய நீண்ட இரும்புக் குழாய் தண்ணீரைத் தெளித்தபடி மெல்லச் சுற்றி வரும். குழாய் எட்டும் வரைக்கும் பச்சை, அதற்கு அடுத்த அடியே மணல். அங்கே மேலே வரும் நீர் சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தில், மழையாகப் பெய்து இறங்கியது. இன்றைய மழை அதில் சேர்ப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பாட்டியின் நகையை எடுத்து விற்று ஊருக்கு விருந்து வைத்த கதை இது. விருந்துக்கு வந்தவர்கள் சமையல்காரரின் கைமணத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, கோதுமைக்கு வருவோம். 1970களின் இறுதியில் சவுதி அரசு எண்ணெய்ப் பணத்தைக் கொட்டிக் கோதுமை போடச் சொன்னது. நிலம் இலவசம், வட்டியில்லாக் கடன், இயந்திரத்துக்கு மானியம். விளைந்ததை உலகச் சந்தையைவிடப் பல மடங்கு விலை கொடுத்து அரசே வாங்கிக்கொண்டது. 1984-ல் தன்னிறைவு. 1992-ல் விளைச்சல் சுமார் 40 லட்சம் டன். ஆறு ஓடாத ஒரு நாடு உலகின் ஆறாவது பெரிய கோதுமை ஏற்றுமதியாளராக நின்றது. மேடைப் பேச்சு இங்கேதான் முடிகிறது, கைதட்டும் இங்கேதான்.

அந்தக் கோதுமை என்ன ஆனது? ஒரு டன் கோதுமைக்கு உலகச் சராசரியே ஆயிரம் டன் தண்ணீருக்கு மேல். சுடு மணலில் இன்னும் கூடும். ஆகவே ஏற்றுமதிக் கப்பல்களில் கோதுமை என்ற பெயரில் போனது பனியுகத்துத் தண்ணீர். 2008-ல் அரசே கணக்குப் பார்த்துப் பதறி, கொள்முதலை ஆண்டுதோறும் எட்டில் ஒரு பங்கு வீதம் குறைத்தது. 2016-ல் கடையைச் சாத்தியது. பின்னாளில் சிறு விவசாயிகளுக்கு அளவோடு மறுபடி அனுமதி கொடுத்தார்கள் என்பதும் உண்மை. அதற்குக் காரணம் வேடிக்கையானது: கோதுமையை விட்டவர்கள் அதைவிட அதிகமாகக் குடிக்கும் தீவனப் பயிரான குதிரைமசாலுக்குத் தாவிவிட்டார்கள். ரியாத்துக்குத் தெற்கே லைலா என்ற ஊரருகில் இயற்கையான ஏரிகள் இருந்தன. ஒரு காலத்தில் படகு விட்டு விளையாடிய நீர். இன்று வெறும் பள்ளங்கள். இருந்த சோலையைக் காயவைத்ததற்குப் பெயரா சோலையாக்குவது?

வளைகுடாவில் வேலை பார்த்தவர்களில் அல்மராய் என்ற சவுதிப் பால் நிறுவனத்தின் லபான் மோர் குடிக்காதவர் இருக்க முடியாது. எனக்கும் அதன் ருசியில் குறையில்லை. ஆனால் அந்த மாடுகளுக்குத் தீனி? உள்ளூரில் தண்ணீர் சுருங்கவே, அதே அல்மராய் 2014-ல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் விக்ஸ்பர்க் என்ற ஊரருகே ஏறத்தாழ 9,800 ஏக்கரை 4.75 கோடி டாலருக்கு வாங்கியது. பக்கத்து பட்லர் பள்ளத்தாக்கில் மாநில அரசின் நிலத்தைக் குத்தகைக்கும் எடுத்தது. குத்தகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 25 டாலர். தண்ணீருக்கு? எதுவுமில்லை. எவ்வளவு இறைத்தாலும் கேட்க ஆளில்லை, மீட்டரும் இல்லை. குதிரைமசாலை அறுத்து, காய வைத்து, கட்டுக் கட்டாக அமுக்கிக் கப்பலில் ஏற்றினார்கள். ஒரு பாலைவனத்து மாடு இன்னொரு பாலைவனத்தின் தண்ணீரைத் தின்றது.

உடனே அமெரிக்கர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது, அந்நியன் நம் தண்ணீரைக் கொள்ளையடிக்கிறான் என்று. 2023-ல் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் குத்தகையை முடித்துவைத்தார். நல்லது. ஆனால் அந்த இறைப்பில் சட்டத்துக்குப் புறம்பாக எதுவுமில்லையே? அரிசோனாவின் 1980-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் பெருநகரங்களைச் சுற்றிய சில பகுதிகளுக்குத்தான் கடிவாளம் போட்டது. மற்ற இடமெல்லாம் ஆழமாகத் தோண்டியவன் ராஜா. தென்கிழக்கே வில்காக்ஸ் பகுதியில் எந்த சவுதிக்காரனும் இல்லாமலே வீட்டுக் கிணறுகள் வற்றின, நிலம் வெடித்துப் பிளந்தது. அங்கே 2022-ல் கட்டுப்பாடு வேண்டுமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டாம் என்றார்கள்! கடைசியில் 2024-ல் மாநில அரசே கட்டுப்பாட்டைக் கொண்டுவர வேண்டியிருந்தது. மனசு வைத்தால் முடியும் என்கிறார்களே, அந்த மனசு இதற்கு மட்டும் வைக்கப்படுவதில்லை.

இதையெல்லாம் சொன்னால் அடுத்த அம்பு தயாராக இருக்கும். “சொட்டுநீர் போட்டா சரியாப் போச்சு.” ஐயா, சவுதிக்காரன் என்ன ஏற்றம் கட்டி வாய்க்காலிலா பாய்ச்சினான்? அந்தச் சுழலும் குழாய்தான் அன்றைய நவீனத் தொழில்நுட்பம். அதைப் போட்டுத்தான் கோதுமை விளைந்தது, அதைப் போட்டுத்தான் தண்ணீரும் தீர்ந்தது. சொட்டுநீரில் மிச்சமாகும் தண்ணீரை எந்த விவசாயியும் பூமிக்கே திருப்பிக் கொடுப்பதில்லை. பக்கத்துக் காட்டையும் உழுது அதற்குப் பாய்ச்சுவான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். வாய்க்காலில் கசிந்ததாவது ஓரளவு கீழே இறங்கும். பயிர் குடித்து ஆவியானது போனது போனதுதான். மானியத்தில் குழாய் விற்கும் கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கு பிடிக்காது.

உண்மையான வழி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் கலிபோர்னியாவின் பொரேகோ பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். சுற்றிலும் பாலைவனப் பூங்கா, நடுவே எலுமிச்சைத் தோட்டங்கள், கோல்ஃப் மைதானங்கள், ஒரு சிற்றூர். எல்லாருக்கும் நிலத்தடி நீர் மட்டுமே கதி. 2014-ல் மாநிலம் போட்ட சட்டத்தைத் தொடர்ந்து அங்கே கணக்கெடுத்தார்கள். இறைத்துப் பழகியது ஆண்டுக்கு ஏறத்தாழ 24,000 ஏக்கர்-அடி. தாங்கக்கூடியது என்று அன்று மதிப்பிட்டது 5,700. ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர்தான் ஏக்கர்-அடி. 2021-ல் நீதிமன்றம் தீர்ப்பாகவே எழுதிவிட்டது: 2040-க்குள் முக்கால் பங்கைக் குறைக்க வேண்டும். கருவி புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு, போருக்கு மீட்டர், ஆண்டுதோறும் வெட்டு. சில தோட்டங்களைக் காயப்போட்டே ஆக வேண்டும். வேரோடு பிடுங்கிய எலுமிச்சை மரத்தைப் படம் பிடித்து எந்தப் பேச்சாளரும் திரையில் போடமாட்டார். கைதட்டு வராது.

நம் ஊரிலும் 2003-ல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பத்தாண்டு அமலுக்கே வராமல் கிடந்து, 2013-ல் ரத்தானது. காதுகுத்து வீட்டில் இதைச் சொன்னேன். “அதெல்லாம் அரசியல்ங்க” என்றார் மாமா. அவருக்கு அடுத்த வாரம் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வருகிறதாம், பழைய போர் நின்றுவிட்டதால் இந்த முறை ஆயிரம் அடி தாண்டிப் போடப்போகிறாராம். வண்டிக்காரருக்கு ஒரு கவலையும் இல்லை. தண்ணீர் வந்தாலும் புகை வந்தாலும் கூலி அடிக்கணக்குதான்.