பழநி பாதயாத்திரை பையில இருந்து முதல்ல வெளிய எடுக்க வேண்டியது எது?

1/ தைப்பூசம் நெருங்கினா வாட்ஸ்அப்ல ஒரு லிஸ்ட் சுத்த ஆரம்பிச்சிடும். "பாதயாத்திரைக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை." போர்வை, துண்டு, டார்ச், பவர் பேங்க், வலி ஸ்ப்ரே... கடைசி வரியில "உடம்பு வலி மாத்திரை". என்ன மாத்திரைன்னு எழுதியிருக்காது. இந்த த்ரெட் அந்தக் கடைசி வரிக்காகத்தான்.

2/ திருச்சி, மணப்பாறை பக்கமிருந்து நடந்து வர்றவங்க வையம்பட்டி, அய்யலூர் தாண்டி வடமதுரை வழியாத்தான் திண்டுக்கல் போறாங்க. திருச்சியில கிளம்பினவங்களுக்கு வடமதுரை கிட்டத்தட்ட பாதி வழி. சுமார் 80 கி.மீ. நடந்தாச்சு, இன்னும் அவ்வளவு இருக்கு. கால் மக்கர் பண்றது இங்கதான். மெடிக்கல்ல வாங்கின பொட்டலம் பிரியறதும் இங்கதான்.

3/ அந்தப் பொட்டலத்துக்கு நம்ம ஊர்ல பேரு "செட் மாத்திரை". நாலு கலர்ல நாலு மாத்திரை. அட்டையில இருந்து வெட்டிக் கொடுத்ததால பேரும் தெரியாது, எக்ஸ்பயரி தேதியும் தெரியாது. பெரும்பாலும் அதுல இருக்கிறது: டைக்ளோபினாக் மாதிரி ஒரு வலி மாத்திரை, டெக்சாமெத்தசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டு, ஒரு கேஸ் மாத்திரை, ஒரு அலர்ஜி மாத்திரை.

4/ இதுல முதல் ரெண்டும் டாக்டர் சீட்டு இல்லாம விற்கவே கூடாத மருந்து. சட்டம் தெளிவா இருக்கு. ஆனா கடையில "சார், பழநிக்கு நடக்குறோம், ஒரு பத்து செட் கொடுங்க"ன்னா கிடைச்சிடுது. குழுத் தலைவரே மொத்தமா வாங்கி எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுக்கிறாரு. யாருக்கு சுகர், யாருக்கு பிரஷர், யாருக்கு கிட்னியில கோளாறுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

5/ நடக்கும்போது உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. வேர்வையில தண்ணியும் உப்பும் போகுது. ரத்தம் தசைக்கும் தோலுக்கும் பாயுது, கிட்னிக்கு வர்ற ரத்தம் குறையுது. சமாளிக்கிறதுக்காக கிட்னி ஒரு ரசாயனத்தைச் சுரந்து தன்னோட ரத்தக் குழாயைத் திறந்து வெச்சுக்குது. டைக்ளோபினாக் வேலை செய்யறதே அந்த ரசாயனத்தை நிறுத்தித்தான். வலி போகும். கூடவே கிட்னியோட கடைசிப் பாதுகாப்பும் போகும்.

6/ ஏற்கெனவே பிரஷருக்கு எனாலாப்ரில், டெல்மிசார்டன், நீர் மாத்திரைன்னு எடுக்கிறவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இந்த மாத்திரைகளும் வலி மாத்திரையும் உடம்புல தண்ணி வத்தின நேரத்துல ஒண்ணு சேர்ந்தா, ஒரு சில நாள்லயே கிட்னி படுத்துடலாம். யூரின் ரொம்பக் குறைஞ்சா, இல்ல கோலா கலர்ல போனா, அது "சூடு" கிடையாது. நடையை நிறுத்துங்க. ஆஸ்பத்திரிக்கு வாங்க.

7/ அடுத்து ஸ்டீராய்டு. போட்ட அன்னைக்கு அருமையா இருக்கும். வலி இருக்காது, பசிக்கும், தெம்பா இருக்கும். "என்ன மாத்திரைண்ணே இது, பறக்குறேன்"னு சொல்வீங்க. சுகர் இருக்கிறவங்களுக்கு சர்க்கரை அளவு சரசரன்னு ஏறும். காலில் புண்ணாகி சீழ் பிடிச்சாலும் காய்ச்சல், வீக்கம் வெளிய தெரியாம மறைக்கும்.

8/ "வருஷத்துல ரெண்டு நாள்தானே டாக்டர், என்ன ஆயிடும்?" ரெண்டு நாள் வீட்டுல உக்காந்து போடுறதும், வெயில்ல ஒரு நாளைக்கு 30, 40 கி.மீ. நடந்துக்கிட்டே போடுறதும் ஒண்ணு கிடையாது. மருந்து அதேதான். வாங்கிக்கிற உடம்பு வேற.

9/ "எங்க தாத்தா எந்தப் பையும் இல்லாம நடந்தாரு." உண்மை. அவர் செட் மாத்திரையும் இல்லாமத்தான் நடந்தாரு. கால் வலிச்சா உக்காந்தாரு. குன்றக்குடியில இருந்து நத்தம், திண்டுக்கல் வழியா வர்ற நகரத்தார் காவடியைப் பாருங்க. எந்த ஊர்ல இளைப்பாறணும், எங்க தங்கணும்னு தலைமுறை தலைமுறையா வகுத்து வெச்சிருக்காங்க. ஓய்வையும் யாத்திரையில சேர்த்துத்தான் வெச்சாங்க. நாம ரெண்டு நாள் லீவுல முடிக்கணும்னு ஓய்வை வெட்டிட்டு அந்த இடத்துல மாத்திரையை வைக்கிறோம்.

10/ முகாமுக்கு வந்து "ஊசி போட்டு விடுங்க சார்"னு சண்டை போடுறவங்களுக்கும் இதேதான். அந்த ஊசியும் அதே வலி மருந்துதான். போட மறுக்கிற டாக்டர் உங்க பக்திக்கு எதிரி கிடையாது.

11/ சரி, அந்த இடத்துல எதை வைக்கணும்?
வலிக்கு: பாராசிட்டமால் 500, முழு அட்டையா, பேர் தெரியற மாதிரி. ஒரு தடவைக்கு ஒண்ணு, ஆறு மணி நேர இடைவெளி. ஈரல் கோளாறு இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு.
தாகத்துக்கு: ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். பெரிய பாக்கெட் ஒண்ணுக்கு ஒரு லிட்டர் தண்ணி, அளவு மாத்தாதீங்க. கலர் கலரா விக்கிற ஜூஸ் டப்பா ஓ.ஆர்.எஸ். ஆகாது. 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமே அந்தப் பேரைப் போடக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு.

12/ உங்க சுகர், பிரஷர் மாத்திரை. "மாலை போட்டிருக்கேன், மாத்திரை வேண்டாம்"னு நிறுத்துறவங்க நிறைய. விரதத்துக்கும் மாத்திரைக்கும் பகை இல்ல. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து கொடுக்கிற அதே மாத்திரையை நாள் கணக்கு பார்த்து எடுத்து வைங்க. கிளம்புற முன்னாடி டாக்டரைப் பாருங்க, நடக்கிற நாளுக்கு அளவை மாத்த வேண்டியிருக்கலாம். வெறும் வயித்துல சுகர் மாத்திரை போட்டு நடந்தா மயக்கம் வரும். பாக்கெட்ல ரெண்டு கடலை மிட்டாய் இருக்கட்டும்.

13/ வெறுங்கால் நேர்த்திக்கடன்னா அதுல நான் தலையிடலை. ஆனா பத்து வருஷமா சுகர் இருந்து, கால்ல மதமதப்பு இருக்குன்னா, தார் ரோட்டுச் சூடே உங்களுக்குத் தெரியாது. முருகன் செருப்பைப் பார்த்துக் கோவிச்சுக்க மாட்டார். பழகின செருப்பு, காட்டன் சாக்ஸ். புதுசு வேண்டாம். கொப்புளத்தை ஊசியால குத்தாதீங்க.

14/ கடைசியா, 20 ரூபாய்க்குள்ள முடியற சமாச்சாரம். ராத்திரி நாலு வழிச்சாலையில கரும்பச்சை வேட்டி டிரைவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முதுகுலயும் பையிலயும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்க. போலீஸும் தன்னார்வலர்களும் ஒட்ட வந்தா "அழகு கெட்டுப்போகும்"னு தட்டாதீங்க. வண்டி எதிர்ல வர்ற பக்கமா, ரோட்டை விட்டு இறங்கி நடங்க.

15/ பையில மத்ததெல்லாம் உங்க இஷ்டம். வழி முழுக்க அன்னதானம் இருக்கு, சோத்து மூட்டை தேவையில்ல. பை எவ்வளவு லேசோ, முட்டிக்கு அவ்வளவு நல்லது.

16/ இன்னைக்கு ராத்திரி பையைத் திறங்க. பேர் தெரியாத மாத்திரைப் பொட்டலம் இருந்தா குப்பையில போடுங்க. அப்பா, அம்மா, மாமா யாராவது நடக்கிறாங்கன்னா அவங்க பையையும் பாருங்க. முக்கியமா, குழுத் தலைவருக்கு இதை அனுப்புங்க. வலி தாங்கலைன்னா ஒரு நாள் தங்கி நடங்க. மலை அங்கேயேதான் இருக்கும்.
அரோகரா.