பெயரை விற்றுத் தூளை வாங்குவார்

வரப்பிலும் தெருவோரத்திலும் இடிந்த மதிலடியிலும் நிலத்தோடு நிலமாகப் படர்ந்து கிடக்கின்றது ஒரு கீரை. செந்தண்டு, அடிப்புறம் வெளுத்த இலை, கடுகளவான இளஞ்சிவப்புப் பூ. வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும் பசைக்காய் அதனுடையதே. மூக்கிரட்டை என்று தமிழர் அதற்குப் பெயரிட்டனர், பருப்போடு கடைந்துண்டனர், கால்வீக்கத்திற்கும் நீரடைப்பிற்கும் அதன் வேரை நாடினர். இன்றோ அது களை! கொத்தி எறிகின்றனர், களைக்கொல்லி தெளித்துக் கருக்குகின்றனர்.

எறிந்தவனே மறுநாள் கடைக்குப் போய்ப் 'புனர்நவா' எனப் பெயர் ஒட்டிய தூளைக் காசு கொடுத்து வாங்கி வருகின்றான். தன் கொல்லையில் தான் கொத்திய மூக்கிரட்டையே அது என்பதை அவன் அறியான்.

'மீண்டும் புதிதாவது' என்பது அவ் வடசொல்லின் பொருள். கோடையிற் கரிந்து மழையில் வேரினின்று தளிர்ப்பதால் வந்த பெயர். நல்ல பெயரே, அதனோடு எவர்க்கும் பகையில்லை. தமிழ்ப்பெயரைத் தள்ளிவிட்டு அது வந்து அமர்வதே பகை.

'பெயரில் என்ன கேடு?' என்பாருளர். கேடு உண்டு. செம்மை வெண்மை என்னும் அடைகளோடு புனர்நவா ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளைக் குறிக்கின்றது. செந்நிறத்தது மூக்கிரட்டை, வெண்ணிறத்தது எனச் சாரணையைக் காட்டுவர் பலர். சாரணை இலை சதைப்பற்றுடையது. பூ காம்பின்றி இலைக்கணுவிற் புதைந்திருக்கும். காயில் அந்தப் பசை இல்லை. குடும்பமே வேறென்பர் நிலைத்திணை நூலார். மூக்கிரட்டை வேரோடு சாரணை வேர் கலந்து விற்கப்படுவதை மருந்துச் சரக்காய்வாளர் எழுதி வைத்துள்ளனர். அரைத்துத் தூளாக்கியபின் எது எதுவென்று எவன் காண்பான்?

1753-இல் வெளிவந்த இலின்னேயசின் நூலில் இச்செடி, ஒல்லாந்து மருத்துவர் போயர்காவேயின் பெயரால் பதிவாயிற்று. வேரினின்று பிரித்த வேதிப்பொருளுக்குப் 'புனர்நவின்' என்று பெயர் வைத்தனர். மேலையர் தம் ஆசானை மறக்கவில்லை. வடமொழிப் பற்றாளர் தம் மொழியை மறக்கவில்லை. மறந்தவன் தமிழன் ஒருவனே!

இது சிறுநீரைப் பெருக்குவதையும் கல்லீரலைக் காப்பதையும் எலிகளிடத்து நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. எலியிற் கண்டது மாந்தர்க்கும் உறுதியாகிவிடாது. சிறுநீரக நோயர் மருத்துவரைக் கேளாது இவ் வேரை உண்ணலாகாது. மாந்தரிடத்துச் செய்யவேண்டிய ஆய்வுகள் இன்னும் மிகப்பல. அவற்றைச் செய்ய வேண்டியவர் யார்? பாளையங்கோட்டையில் 1964 முதலும், பின்னர்த் தாம்பரத்திலும் தமிழ் மருத்துவம் பயிற்றும் நிலையங்கள் உள்ளன. அவற்றுக்குப் பொருள் ஒதுக்கி, 'மூக்கிரட்டையை ஆய்ந்து முடிவு சொல்லுங்கள்' என ஆட்சியாளர் கேட்கவேண்டாவோ?

அதுவரை, மூக்கிரட்டை என்று தமிழில் எழுதாத குப்பியைத் தமிழர் கடையிலேயே திருப்பி வைக்கட்டும். ஐப்பசி மழையில் மதிலடியிற் செந்தண்டு தலைகாட்டும்போது, மண்வெட்டியை ஓங்குமுன் பிள்ளைகளை அழைத்து அதன் பெயரைச் சொல்லட்டும்.