கிரீம் சிக்கனில் விவசாயிக்கு என்ன பங்கு?

ஹோட்டலில் சாப்பிட்ட கிரீம் சிக்கன் இப்போது வீட்டு அடுப்புக்கே வந்துவிட்டது. கோழிக்கறியை வதக்கி, 200 கிராம் கிரீம் பாக்கெட்டை ஊற்றினால் இரவுச் சாப்பாடு தயார். கறி, கிரீம் இரண்டும் உங்கள் பண்ணையில் தொடங்குபவை. உங்களுக்கு வருவது என்ன?

25 சதவீதக் கொழுப்புள்ள அந்தப் பாக்கெட்டில் இருப்பது 50 கிராம் கொழுப்பு. 4 சதவீதக் கொழுப்புள்ள பசும்பால் என்றால் ஒன்றேகால் லிட்டர் வேண்டும். உங்கள் பாலுக்கு விலை வைப்பதும் கொழுப்பையும் இதர திடச்சத்தையும் பார்த்துத்தான். பால் ஊற்றும்போதே பரிசோதித்து, அளவைச் சீட்டில் கேட்டு வாங்குங்கள்.

கோழியின் கணக்கு வேறு. ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சு, தீவனம், மருந்து நிறுவனத்துடையவை. கொட்டகை, மின்சாரம், தேங்காய் மஞ்சி, உழைப்பு உங்களுடையவை. கடையில் கறி விலை ஏறினாலும் உங்களுக்குக் கிடைப்பது கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலிதான். அதனால் பேச வேண்டியது ஒப்பந்தத்தில். தமிழகத்தின் 2019-ம் ஆண்டு ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் அதை எழுதிப் பதிவு செய்ய வழி தருகிறது. கூலி, இறப்புக் கழிவு, கோழி பிடிக்கும் நாள், பணம் தரும் நாள் ஆகியவை எழுத்தில் வராமல் அடுத்த பேட்ச் குஞ்சை இறக்காதீர்கள்.