உங்க வாட்ஸ்அப் தகவலை அரசு கேட்டால் கம்பெனி மறுக்க முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

கீரப்பாளையத்தில் விவசாயிகள் வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெசேஜால் பெரிய கலவரமே வந்துவிடுகிறது. "இதை முதலில் அனுப்பியது யார்?" என்று போலீஸ் கேட்டால், வாட்ஸ்அப் சொல்லியே ஆகணுமா? மறுக்க முடியுமா?

கம்பெனி கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துதான் பதில்.

யார் கேட்கலாம்?

வழக்கு விசாரணைக்குத் தேவையான ஆவணங்களை, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே பிஎன்எஸ்எஸ் சட்டம் 94-வது பிரிவில் கேட்கலாம். தகவலை இடைமறித்துப் பார்ப்பது வேறு. அதற்கு ஐடி சட்டம் 69-வது பிரிவில், பொதுவாக உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும். ஒத்துழைக்க மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை.

சிம் கம்பெனி மறுக்குமா?

வாய்ப்பு ரொம்பக் குறைவு. அவர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதே அரசுதான். ஒட்டுக்கேட்க வசதி செய்து தரணும் என்பது அதில் ஒரு நிபந்தனை. உத்தரவை ரகசியமாகவும் வைக்கணும். அதனால் உங்களுக்குத் தகவல் வராது.

வாட்ஸ்அப் மட்டும் எப்படி மல்லுக்கட்டுகிறது?

இந்தப் பிரச்னை சூடுபிடித்ததே சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். சமூக வலைதளக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கக் கோரி 2018-ல் போட்ட வழக்கு, மெசேஜை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக மாறியது. முடியும் என்றார் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி. வாட்ஸ்அப் அதை ஏற்கவில்லை.

2021 பிப்ரவரியில் வந்த ஐடி விதிகள் அதைக் கட்டாயமாக்கின. தீவிரக் குற்றங்களுக்கு மட்டும்தான், மெசேஜைப் படிக்கக் கேட்கவில்லை என்பது அரசு வாதம். ஒருவரைக் கண்டுபிடிக்க எல்லோர் மெசேஜையும் பின்தொடரணும் என்பது வாட்ஸ்அப் வாதம். 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. என்க்ரிப்ஷனை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே சொன்னது.

ஆனால் எல்லாவற்றையும் அது மறுப்பதில்லை. தன்னிடம் இருக்கும் கணக்கு விவரங்களைச் சட்டப்படி கேட்டால் தருகிறது. மெசேஜைத் திறக்கும் சாவிதான் அதனிடம் இல்லை.

2010-ல் பிளாக்பெர்ரிக்கும் இதே நெருக்கடி வந்தது. தடை மிரட்டலுக்குப் பிறகு, சாதாரண வாடிக்கையாளர் மெசேஜ்களைப் பார்க்க வழி செய்து கொடுத்தது. நிறுவனங்களுக்கான சேவையில் மட்டும், சாவி எங்களிடமே இல்லை என்று நின்றுவிட்டது.

கோர்ட் காப்பாற்றுமா?

லஞ்ச வழக்கு ஒன்றில் 2011-ல் மத்திய உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை, 2025 ஜூலை 2-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பொது அவசரநிலை, பொதுமக்கள் பாதுகாப்பு ஆகிய காரணங்கள் இல்லாமல் ஒட்டுக்கேட்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்றார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ்.

நல்ல தீர்ப்புதான். ஆனால் வர 14 வருஷம் ஆனது. வழக்கு போட்டதும் போன் கம்பெனி அல்ல, ஒட்டுக்கேட்கப்பட்டவர். தன் போனை ஒட்டுக்கேட்பதே தெரியாதவர் எப்படி கோர்ட்டுக்குப் போவார்?

நாம என்ன செய்யலாம்?

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'சாட் பேக்கப்' போய், என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்க. இல்லையென்றால், மெசேஜுக்குப் போட்ட பூட்டு கூகுள் டிரைவில் இருக்கும் நகலுக்குக் கிடையாது.

கம்பெனியிடம் இருப்பதை அரசு கேட்டால், இன்றோ நாளையோ கொடுத்துத்தான் ஆகணும். இல்லாததை மட்டும்தான் அது தர முடியாது.